கொதிக்க வைத்த பஞ்சு

என் அம்மாவுக்கு அழுக்கு ஆகாது. எந்த அம்மாவுக்குத்தான் ஆகும் என்பீர்கள். உங்கள் அம்மாக்கள் வீட்டு அழுக்கோடு மல்லுக்கு நின்றவர்கள். என் அம்மா சம்பளம் வாங்கிக்கொண்டு அழுக்கைக் கொன்றவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, நீராவியில் வேகவைத்து, உறையில் போட்டு அனுப்பும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அதனாலேயே எங்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அப்படிப்பட்டவளை என் வீட்டோடு கூட்டி வந்துவிட வேண்டுமென்று நான் தலைகீழாக நின்றேன். அப்பா போன பிறகு அவள் தனியாகத்தான் இருந்தாள். போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், ‘என்ன இது, குழாய்ச் சத்தம் நிற்கவே இல்லையே’ என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை அப்படியே கிடந்திருக்கிறாள். அதை என்னிடம் சொன்னதே அடுத்த வாரம்தான். அதுவும் எப்படி? “சும்மா கொஞ்ச நேரம் தரையில படுத்திருந்தேன்” என்று. அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவள். இப்படி ஓடிக்கொண்டிருந்தால் பிழைப்பு போய்விடும்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு வந்தாள்.

“ஒரு மாசம் இருந்து பாக்குறேன். ஒத்து வந்தா அந்த வீட்டைக் காலி பண்ணிடலாம். இல்லன்னா நான் பாட்டுக்குக் கெளம்பிடுவேன். நீ வாசல்ல நின்னு ஒப்பாரி வைக்கக் கூடாது.”

“எது ஒத்து வரணும்மா?”

“அது இருந்து பாத்தாத்தானே தெரியும்.”

இனி என் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மீன் தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தொட்டியில் மூன்று தங்கமீன்கள். இரண்டு சின்னவை. மூன்றாவது, உள்ளங்கை நீளத்துக்குப் பெருத்துப்போன ஒரு கிழம். அதன் பெயர் மேனேஜர். மூடப்போகிற ஓர் அலுவலகத்துக்கு லிஃப்டைப் பார்க்கப் போனவர், வரவேற்பறையில் இருந்த மீனைத் தொட்டியோடு தூக்கிப் போடப் போகிறார்கள் என்று கேட்டதும், அங்கேயே ஒரு வாளியைக் கடன் வாங்கி, அதில் விட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பெயர் நான் வைத்தது. ஒரு வேலையும் செய்யாமல், வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டு, எல்லாரையும் முறைத்தபடி போய்வந்துகொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பது? எங்களுக்குப் பிள்ளை இல்லை. மேனேஜர் விஷயத்தில் அவரைக் கேலி செய்யலாம், ஆனால் ஓர் அளவுக்குத்தான்.

மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவில் இருந்த மரியாதையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அம்மா என்னைப் பார்த்து, “மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு” என்பாள். அவர் என்னைப் பார்த்து, “அத்தைக்கு ஃபேன் காத்து போதுமான்னு கேளு” என்பார். நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா? ஒருவர் மனம் கோணக்கூடாது என்று மற்றவர் நுனிக்காலில் நடந்தே என் வீட்டுத் தரை தேயாமல் இருந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தபோது, அம்மா மீன் தொட்டியைச் சுத்தம் செய்தாள்.

சும்மா செய்யவில்லை. ஆஸ்பத்திரிக் கணக்காகச் செய்தாள். மீன்களை வாளியில் விட்டாள். தொட்டித் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை கொட்டினாள். அடியில் கிடந்த கூழாங்கற்களை என் வீட்டிலிருந்ததிலேயே பெரிய பாத்திரத்தில் போட்டு வேகவைத்தாள். தொட்டியின் பின்பக்கம் தண்ணீரை வடிகட்டும் டப்பா ஒன்று உண்டு. அதற்குள் ஒரு பஞ்சு. வருடக்கணக்கில் ஊறிக் கன்னங்கரேலென்று, கொழகொழவென்று இருக்கும். அதையும் வேகவைத்து, பிழிந்து, மறுபடி வேகவைத்தாள். குழாய்த் தண்ணீரில் கிருமிமருந்து கலந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? என் வீட்டுக்காரர் பால்கனியில் வாளிகளில் பிடித்து, அந்த மருந்து போக ஆறவிட்டிருந்த தண்ணீரைத்தான் ஊற்றினாள். ஒரு குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மேனேஜர் அந்தரத்தில் மிதப்பதுபோல் இருந்தது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். அப்பா போன பிறகு அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் வந்தார். தொட்டியைப் பார்த்தார். அவர் முகம் ஒரு நொடி மாறியது. ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டில் ஏதோ கிறீச்சென்று கேட்டால் வருமே, அந்த முகம். பிறகு சிரித்தார்.

“ரொம்ப அழகா இருக்கு, அத்தை.”

“உங்களுக்கு எங்க நேரம்? அதான் நானே செஞ்சுட்டேன்.” நேராக அவரிடமே சொல்லிவிட்டாள்! எனக்கும் பெருமை தாங்கவில்லை.

நாலைந்து நாள் போயிருக்கும். மேனேஜர் மேல்மட்டத்துக்கு வந்து காற்றைக் குடிக்கத் தொடங்கியது. துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு, நகராமல், வாயை மட்டும் அவசர அவசரமாகத் திறந்து மூடியது. காலையில் பார்த்தால் என் வீட்டுக்காரர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டுகளை விட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார். மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் பச்சையாகிவிட்டது.

“என்ன இது?”

“அம்மோனியா. மீனோட கழிவு. விஷம்” என்று கிசுகிசுத்தார். “அந்தக் கறுப்புப் பஞ்சுல கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கும். அதுங்கதான் இந்த விஷத்தைத் தின்னு தண்ணியை நல்லா வச்சிருக்கும். வருஷக்கணக்கா வளர்ந்ததுங்க. அத்தை அதுங்களையெல்லாம் வேகவச்சுட்டாங்க.”

“தண்ணி அவ்வளவு பளிச்சுன்னு இருக்கே!”

“பளிச்சுன்னுதான் இருக்கும். விஷம் கண்ணுக்கா தெரியும்?”

“அப்ப அம்மாகிட்ட சொல்லுங்க.”

“நான் சொன்னா குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும். மாப்பிள்ளை வாயால இதைக் கேட்டா ஒரு நிமிஷம் இங்க இருப்பாங்களா? நீயும் சொல்லாத. நான் சமாளிச்சுக்குறேன்.”

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் குளியலறைத் தரையில் அம்மா கிடந்த காட்சி கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அன்று தொடங்கியது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. விஷம் குறைய வேண்டுமென்றால் தினமும் கொஞ்சம் தண்ணீரை மாற்ற வேண்டும். தினமும் காலையில் வாளியும் கையுமாகப் பால்கனிக்கும் கூடத்துக்கும் நடந்தார். அம்மா பார்த்துவிட்டுக் கேட்டதற்கு, முதுகுவலிக்கு டாக்டர் எடை தூக்கச் சொன்னார் என்று ஒரு போடு போட்டார்.

“முதுகுவலிக்கு வாளி தூக்கச் சொன்ன டாக்டரா? எந்த ஊர்ப் படிப்பு அது?” என்று அம்மா என்னைக் கேட்டாள். “நான் எத்தனை டாக்டரைப் பாத்திருக்கேன்!” மருமகன் மனம் கோணக்கூடாதே, அதனால் அதற்கு மேல் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தைலத்தை மட்டும் எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அது போதாதென்று மீன் கடைக்காரரிடம் போய் நின்றார். அங்கே பழைய தொட்டி ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த அழுக்குப் பஞ்சைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தார். ஊரெல்லாம் சுத்தத்துக்குக் காசு கொடுக்க, ஒரு பை அழுக்குக்காக வரிசையில் நின்ற மனுஷன் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்தப் பஞ்சு டப்பாவுக்குள் போனது. சில நாளில் கண்ணாடிக் குழாயில் பச்சை வெளிறி மஞ்சள் எட்டிப் பார்த்தது. மேனேஜர் கீழே இறங்கி, பழையபடி எல்லாரையும் முறைக்க ஆரம்பித்தது. குளியலறைக்குள் நாங்கள் இருவரும் சத்தமில்லாமல் கைதட்டினோம்.

அந்த நேரம் பார்த்து அவருக்கு வெளியூர் வேலை வந்தது. புதுக் கட்டடம், சில நாள் ஆகும். “பயமில்ல. தீனியை மட்டும் கம்மியாப் போடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் திரும்பி வந்த அன்று சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவரும் பின்னாலேயே பையோடு நுழைந்தார். நேராகத் தொட்டியிடம் போனார். காலையில் நான் தீனி போட்டபோது மந்தமாக நீந்திக்கொண்டிருந்த மேனேஜர், இப்போது அடிக் கற்களின் மேல் ஒருக்களித்துக் கிடந்தது. சின்னவை இரண்டும் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. அவர் பின்பக்கம் எட்டி டப்பாவைத் திறந்தார். உள்ளே புத்தம்புது வெள்ளைப் பஞ்சு. திரும்பிப் பால்கனியைப் பார்த்தார். துணிக்கொடியில், என் ரவிக்கைக்கும் அவர் பனியனுக்கும் நடுவில், கிளிப் போட்டு மாட்டியபடி அந்தக் கடைக்காரர் கொடுத்த பஞ்சு தொங்கியது. வெந்து வெளுத்துப் போயிருந்தது. அம்மா வந்த பிறகு கொடிப் பக்கமெல்லாம் அவள் ராஜ்ஜியம். நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

“மறுபடியும் எவ்வளவு அழுக்கு சேந்துபோச்சு பாத்தீங்களா மாப்பிள்ளை” என்றபடி அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். “நீங்க கெளம்பின அன்னைக்கே வேகவச்சுட்டேன். மாத்துக்குப் புதுசு ஒண்ணும் வாங்கி—”

“யாரைக் கேட்டு இதைத் தொட்டீங்க?”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. ஜன்னல் அதிர்ந்தது. “யாரைக் கேட்டுங்க? செத்துக்கிட்டிருக்கு பாருங்க! நான் தினம் தினம் தண்ணி தூக்கி, பிச்சை எடுக்காத குறையா அலைஞ்சு காப்பாத்தினேன். நீங்க ரெண்டாவது தடவையா கொன்னுட்டீங்க!”

சொல்லி முடித்ததும் தான் சொன்னதைக் கேட்டு அவரே பயந்துபோனார். வாய் திறந்தபடி நின்றது. எல்லாம் முடிந்தது, அம்மா பெட்டியைக் கட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

அம்மா தொட்டியருகில் வந்து குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் என் அம்மா மாதிரியே இல்லை. அந்த ஆஸ்பத்திரி அறைக்குப் பொறுப்பானவள் நின்றிருந்தாள்.

“இப்ப என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க. திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம்.”

“தண்ணி... தண்ணி மாத்தணும். பழைய பஞ்சு வேணும். கடையை மூடிடுவாங்க.”

“நீங்க கடைக்கு ஓடுங்க. தண்ணியை நாங்க பாத்துக்குறோம். எவ்வளவு மாத்தணும்?”

“பாதி. ஆறின தண்ணி மட்டும். மேனேஜரை மட்டும் தனியா வாளியில விட்டு, காத்துக் குழாயைப் போடுங்க.” சொல்லிக்கொண்டே படியிறங்கி ஓடினார். லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

அம்மா மேனேஜரை இரண்டு கையாலும் அள்ளி வாளியில் விட்டாள். காற்றுக் குழாயைப் போட்டேன். குமிழி வந்தது. மேனேஜர் மல்லாந்தது, மறுபடி ஒருக்களித்தது. நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து, குவளையால் தண்ணீரை எடுத்து மாற்றிக்கொண்டே இருந்தோம். அம்மா என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“ரெண்டாவது தடவைன்னாரே. மொதத் தடவை எது?”

இனி மறைத்து என்ன? பஞ்சு, பாக்டீரியா, பச்சைத் தண்ணீர், முதுகுவலி, கடைக்காரர், எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அந்த அழுக்குதான் உறைமோர் மாதிரியா?” என்றாள் கடைசியில்.

“ஆமாம்மா. அப்படித்தான்.”

“உறைமோரைப் போய்க் கொதிக்க வச்சிருக்கேன்.” தலையில் தட்டிக்கொண்டாள். ஈரக் கை, நெற்றியெல்லாம் தண்ணீர். “கிருமியைக் கொல்லத்தாண்டி எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. வளத்துக் காப்பாத்துன்னு ஒருத்தரும் சொல்லலையே!” சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு குரல் மாறியது. “நாளைக்கு நான் கெளம்புறேன்.”

“அம்மா! அவர் ஏதோ கோவத்துல—”

“அவர் கத்தினதுக்கா? போடி பைத்தியமே. எங்க ரூம்ல ஒரு கத்தரி சரியில்லன்னா டாக்டர் காரிடார் பூரா கேக்குற மாதிரி கத்துவாரு. நாங்க மாத்திக் குடுத்துட்டு டீ குடிக்கப் போவோம். அது எனக்குப் பெரிசில்ல. இத்தனை நாளா எம் மூஞ்சியைப் பாத்து ‘அழகா இருக்கு அத்தை’ன்னு சிரிச்சுக்கிட்டு, பின்னாடி ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டுக் குசுகுசுன்னு பேசியிருக்கீங்களே, அதுதாண்டி. தப்புப் பண்ணா சொல்லமாட்டீங்க. அப்ப நான் இங்க யாரு? விருந்தாளி. விருந்தாளி எத்தனை நாளைக்கு இருக்க முடியும்?”

‘அவளைத் தக்கவைக்க என்னென்னவோ செய்தோமே, அத்தனையும் சேர்ந்துதானா அவளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது’ என்று அப்போதுதான் உறைத்தது. தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்வது?

என் வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கடைக்காரர் பஞ்சையும் கொடுத்து, பதினாறு வசவும் கொடுத்து அனுப்பியிருந்தார். பஞ்சை டப்பாவில் வைத்தார். தரையில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். மேனேஜர் இன்னும் ஒருக்களித்துத்தான் கிடந்தது, ஆனால் செவுள் சீராக அடித்தது.

“அத்தை, மன்னிச்சிடுங்க. நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.”

“அதை விடுங்க மாப்பிள்ளை. இன்னும் என்னென்ன சொல்லாம வச்சிருக்கீங்க?”

“ஒண்ணுமில்லையே அத்தை. நீங்க வந்ததுலேருந்து எங்களுக்கு எவ்வளவு உதவி—” கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் இவர்.

“சரி. அப்ப நான் போய்ப் பெட்டியை எடுக்குறேன்.” அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

நான் அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். “வாயைத் திறந்து சொல்லித் தொலைங்க!”

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

“காபி” என்றார்.

“காபிக்கு என்ன?”

“சர்க்கரை... ஜாஸ்தி. பாகு மாதிரி இருக்கு. நீங்க வந்ததுலேருந்து ஜன்னல் செடிக்குத்தான் ஊத்துறேன்.”

அம்மா மறுபடி உட்கார்ந்தாள். “அதான் அந்தச் செடி வாடுதா? அப்புறம்?”

“என் நீலச் சட்டைக் காலரைத் தேச்சுத் தேச்சு நூலாக்கிட்டீங்க.”

“அப்புறம்?”

“காலைல நான் பேப்பர் படிக்கும்போது, காலுக்கடியில பெருக்குறீங்க. நான் காலைத் தூக்கிக்கிட்டே தலைப்புச் செய்தி படிச்சு முடிச்சுடுறேன்.” மனிதருக்குச் சூடு பிடித்துவிட்டது. “என் ஸ்குரூ டிரைவரையெல்லாம் சைஸ் வாரியா அடுக்கி வச்சிருக்கீங்க. எனக்கு ஒண்ணுகூட ஆப்பிட மாட்டேங்குது. டிவி சத்தம். அப்புறம் அந்தத் தைலம்! அத்தை, அந்த நாத்தத்துல எனக்குத் தூக்கமே வரல!”

“முடிஞ்சுதா?” என்றாள் அம்மா. “இப்ப நான் சொல்றேன். நீங்க குளிச்சுட்டு வந்தா பாத்ரூம் குளமா இருக்கு. நான் ஏற்கெனவே ஒரு தடவை விழுந்தவ. ஈரத் துண்டைக் கட்டில்ல போடுறீங்க. நல்லா இருக்குன்னு ரெண்டாந்தரம் சோறு வாங்கி, தட்டுல பாதியை வச்சுட்டு எழுந்துக்குறீங்க. வேணாம்னா வேணாம்னு சொல்றதுக்கு என்ன?”

“நீங்க வருத்தப்படுவீங்கன்னு...”

“வீணாப் போற சோத்தைப் பாத்துத்தான் வருத்தப்பட்டேன்!”

இருவரும் நேருக்கு நேர், என் தலைக்கு மேலாகக் கத்திக்கொண்டார்கள். என்னிடம் ஒருவரும் எதையும் கேட்கச் சொல்லவில்லை. குளியலறைக்கு ரப்பர் விரிப்பு வாங்குவதா, அவர் துடைத்துவிட்டு வருவதா என்று வாக்குவாதம் முற்றியபோது, வாளியில் சளக்கென்று ஒரு சத்தம். மேனேஜர் நிமிர்ந்து நின்று வாயைத் திறந்து மூடியது. எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. மீனுக்காக என்று அவர் நினைத்துக்கொண்டு என் முதுகைத் தட்டினார்.

அதன் பிறகு தினமும் தண்ணீரைச் சோதிப்பது அம்மாவின் வேலையானது. டப்பாவின் மேல் ‘தொடக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் சீட்டு எழுதி ஒட்டினாள்; அது தனக்குத்தானே எழுதிக்கொண்டதாம். பஞ்சு கறுக்கக் கறுக்க அவளுக்குக் கை பரபரக்கும். கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். “இன்னும் கொஞ்சம் அழுக்காகட்டும் அத்தை” என்று அவர் உள்ளேயிருந்து அதட்டுவார். “தெரியும், தெரியும்” என்று இவள் பதிலுக்குச் சீறுவாள்.

மாதம் முடிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கப் பயம். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா தொட்டி முன்னால் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, தன் பழைய வீட்டின் உரிமையாளர் அம்மாளுக்குப் போன் போட்டாள். நான் சமையலறையில் பாத்திரத்தைத் தேய்க்காமல் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

“ஆமாங்க, காலி பண்ணிடுறேன். அடுத்த வாரமே சாமானை எடுத்துக்குறேன்... எப்படிப் பாத்துக்குறாங்களா? அதை ஏன் கேக்குறீங்க. நான் போட்ட காபியைச் செடிக்கு ஊத்தியிருக்காரு எங்க மாப்பிள்ளை. நேத்துகூட ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, எதிர்வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க.”

அந்தப் பக்கம் அந்த அம்மாள் பதறிப்போயிருக்க வேண்டும். நெடுநேரம் பேசினாள். அம்மா “உம், உம்” என்று கேட்டுக்கொண்டாள்.

“திரும்பி வந்துடவா? ஐயோ, நீங்க வேற” என்றாள் என் அம்மா. “அதனாலதாங்க காலி பண்றேன்.”